எழுத்தெண்ணும் பெட்டி: நிரல் கற்பார்க்கு ஒரு சோதனைப் பாடம்

முன்னுரை

ஒரு பொருளை இயற்றுதல் ஒரு கலை. இயற்றிய பொருள் செவ்விதின் அமைந்துள்ளதா என ஆராய்தல் பிறிதொரு கலை. கணிப்பொறி நிரல் எழுதக் கற்கும் மாணவர், முன்னதில் காட்டும் ஆர்வத்தைப் பின்னதில் காட்டுதல் அரிது. தாம் வரைந்த பெட்டி திரையில் தோன்றிவிட்டால், அதில் இரண்டொரு சொல்லைத் தட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக உள்ளது என்று மனநிறைவு கொண்டுவிடுகின்றனர். பின்னொரு நாள் அப்பெட்டியில் தம் பெயரை எழுத வரும் முன்பின் அறியாத ஒருவர் படப்போகும் இடர்ப்பாடு அவர்தம் கண்ணுக்குப் புலனாவதில்லை.

கணிப்பொறித் துறையார்க்குரிய இச்செய்தியைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவது ஏன் என்னும் வினா எழலாம். தமிழில் எழுதும் பெட்டி ஒன்றை இயற்றுதற்கு நிரலறிவு போதும். அதனைச் சோதித்தற்கோ எழுத்திலக்கண அறிவும் வேண்டும். எது ஓர் எழுத்து, எது எழுத்தின் உறுப்பு, எது சொல்லின் எல்லை என்பன நம் இலக்கண நூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பொருள்கள். ஆதலின், இச்சோதனையில் தமிழ் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பங்கு யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இடைமுக உறுப்பு என்பது யாது?

கணிப்பொறிக்கும் அதனைக் கையாளும் மாந்தர்க்கும் இடையே நின்று உதவும் திரைப்பகுதியை இடைமுகம் என்பர். பொத்தான், எழுதும் பெட்டி, தெரிவுப் பட்டியல் முதலியன அவ்விடைமுகத்தின் உறுப்புகளாம். கணிப்பொறியார் இவற்றைக் 'கன்ட்ரோல்' என வழங்குவர். 1991ஆம் ஆண்டு வெளிவந்த விஷுவல் பேசிக் என்னும் மொழி, இவ்வுறுப்புகளைச் சுட்டியால் இழுத்துத் திரையில் பொருத்தும் முறையைப் பரவலாக்கியது. இன்று நிரல் கற்போர் பயிலும் சூழல்கள் பலவும் இத்தகைய ஆயத்த உறுப்புகளைத் தம்முடனேயே கொண்டுள்ளன.

ஆயத்த உறுப்பு போதாத இடத்தில், நிரல் எழுதுவோர் தமக்கு வேண்டிய உறுப்பைத் தாமே இயற்றிக்கொள்ளலாம். ஆயத்த ஆடை வாங்குவதற்கும் அளவெடுத்துத் தைத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இதிலும் உண்டு. ஆயத்த உறுப்பு பல்லாயிரவர் கைகளில் புழங்கித் தேறியது. விசைப்பலகையால் அதனை அடையலாம். வேறிடத்தில் உள்ள எழுத்துகளைப் படியெடுத்து அதில் ஒட்டலாம். தவறாக எழுதியதை மீட்கலாம். தாமே இயற்றும் உறுப்பில் இவற்றுள் எவையெவை நிலைத்தன, எவையெவை விடுபட்டன என்பதை இயற்றியவரே ஆராய்ந்து அறிதல் வேண்டும். சோதனையின் தேவை இவ்விடத்திலேயே தொடங்குகின்றது.

ஓர் எடுத்துக்காட்டு

கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தில் மாணவர் பெயரைத் தமிழில் எழுதுதற்குரிய பெட்டி ஒன்றை ஒரு மாணவர் இயற்றுகின்றார் எனக் கொள்வோம். பெயர் இடைவெளி உட்பட இருபது எழுத்துக்கு மிகாமல் இருத்தல் வேண்டும். எழுத எழுத, இன்னும் எத்தனை எழுத்துக்கு இடமுண்டு என்பதைப் பெட்டியின் ஓரத்தில் ஓர் எண் காட்டுதல் வேண்டும். இவ்வளவே தேவை.

மாணவர் நிரலை எழுதி முடித்து, ஆங்கிலத்தில் ஒரு பெயரைத் தட்டிப் பார்க்கின்றார்; எண் சரியாகக் குறைகின்றது. இருபதாம் எழுத்தோடு பெட்டி நின்றுவிடுகின்றது. பணி முடிந்தது என்று எண்ணுகின்றார்.

இனி, அதே பெட்டியில் 'ஷேக் முஹம்மது அப்துல் காதர்' என்னும் பெயரை எழுதுவோம். நாம் எண்ணினால், எழுத்து பதினான்கு, இடைவெளி மூன்று, ஆகப் பதினேழு. இருபதுக்குள் அடங்கும் பெயரே இது. ஆயினும் பெட்டி 'ஷேக் முஹம்மது அப்துல' என்ற அளவில் நின்றுவிடுகின்றது. 'காதர்' முழுதும் மறைந்தது. 'அப்துல்' என்பதன் ஈற்றுப் புள்ளியும் பறிபோயிற்று. பள்ளி மாற்றுச் சான்றிதழிலும் குடும்ப அட்டையிலும் ஒருவாறும், கல்லூரிப் பதிவேட்டில் வேறொருவாறும் பெயர் அமைந்துவிட்டால், உதவித்தொகை முதலியன பெறும்போது அம்மாணவரும் பெற்றோரும் எத்தனை அலுவலகப் படிகளை ஏறி இறங்க நேரும் என்பதை நம் சமுதாயப் பெரியோர் நன்கறிவர். சிறு பெட்டியின் பிழையே ஆயினும் அதனால் வரும் அல்லல் சிறிதன்று.

பிழையின் காரணம்

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். உலகமொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுத்துத் தரும் ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. உயிரெழுத்துகளும், அகரமேறிய மெய்களும், ஆய்தமும் தனித்தனி எண் பெற்றன. கால், கொம்பு, சுழி முதலிய உயிர்க்குறிகளும் புள்ளியும் தமக்கெனத் தனி எண் பெற்றன. எனவே, 'கி' என்பது நமக்கு ஓரெழுத்து. கணிப்பொறிக்குக் ககரமும் இகரக் குறியும் ஆகிய இரண்டு குறியீடு. 'க்' என்பதும் அவ்வாறே ககரமும் புள்ளியும் ஆகிய இரண்டு.

'தமிழ்' என்னும் சொல்லில் நமக்கு மூன்றெழுத்து. கணிப்பொறிக்கு ஐந்து குறியீடு. மேற்காட்டிய பெயர் நமக்குப் பதினேழு, கணிப்பொறிக்கு இருபத்தேழு. ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் முதலிய மொழிகளில் ஒரு சொல்லின் நீளத்தை நேரடியாக வினவினால், தமிழைப் பொறுத்தமட்டில் கிடைப்பது இக்குறியீட்டு எண்ணிக்கையே. ஸ்விஃப்ட் மொழி இதற்கு மாறாக, ஒன்றாகத் தோன்றும் குறியீட்டுத் தொகுதியை ஒன்றாகவே எண்ணி, 'தமிழ்' என்பதற்கு மூன்று என விடை தரும். ஜாவாஸ்கிரிப்டிலும் அவ்வாறு பகுத்துத் தரும் கருவி தனியே உண்டு. பயன்படுத்தும் மொழி எதனை எண்ணுகின்றது என்பதை அறியாமல் எழுத்தை எண்ணத் தொடங்குதல் ஆகாது.

இதற்கும் அப்பால் இன்னோர் எண்ணிக்கை உண்டு. யு.டி.எஃப்.-8 என்னும் முறையில் சேமிக்கும்போது தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்ளும். இடைவெளி ஒரு பைட் கொள்ளும். அவ்வாறாயின் மேற்காட்டிய பெயர் 75 பைட் ஆகும். ஆகத் திரையில் 17, நிரலில் 27, சேமிப்பில் 75 என ஒரே பெயர்க்கு மூன்று நீளம்.

முதற்படி: விடையை முன்னரே வரைதல்

சோதனையின் முதல் விதி, நிரலை இயக்கும் முன்னரே எதிர்பார்க்கும் விடையைத் தாளில் எழுதிவைத்தல். திரையில் தோன்றிய விடையைக் கண்ட பின்னர் 'இதுவே சரி' எனத் தேறுதல் சோதனை ஆகாது. கண்டதை ஏற்றுக்கொள்ளும் இயல்பு மனத்துக்கு உண்டு.

எதிர்பார்க்கும் விடையை வரைய முற்பட்டவுடன், இது இலக்கண வினாவாக மாறுவதைக் காணலாம். கட்டளைக் கலித்துறை பாடும் புலவர் அடிதோறும் எழுத்தெண்ணுவர். நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 என்பது கணக்கு. ஆனால் அவ்வெண்ணிக்கையில் ஒற்றெழுத்தைச் சேர்ப்பதில்லை. பெயர்ப் பெட்டியில் ஒற்றை விட்டுவிட்டு எண்ண முடியுமா? முடியாது, தாளில் அதுவும் இடங்கொள்ளும். எனவே 'எழுத்து' என்பதன் எண்ணிக்கை நோக்கத்துக்கேற்ப வேறுபடும் என்பதை நம் யாப்பிலக்கணமே உணர்த்துகின்றது. எந்நோக்கத்துக்கு எவ்வெண்ணிக்கை என வரையறுத்த பின்னரே சோதனை தொடங்குதல் வேண்டும்.

'க்ஷ' என்பது ஒன்றா, இரண்டா என்பதும் அத்தகைய வினாவே. யூனிகோடு முறையின் பொதுவிதி, ககர மெய் ஒன்றும் ஷகரம் ஒன்றுமாக அதனை இரண்டாகவே பகுக்கும். வழக்கில் நாம் அதனை ஒரே வடிவாக எழுதுகின்றோம். இரண்டனுள் எதனைக் கொண்டாலும் குற்றமில்லை. கொண்டது இன்னது என முன்னரே எழுதிவைக்காமையே குற்றம்.

இரண்டாம்படி: எண்ணும் பகுதியைத் தனியே சோதித்தல்

பெட்டியின் தோற்றம் வேறு. அதனுள் இருந்து எழுத்தெண்ணும் பகுதி வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிட்டால், பிழை நேரும்போது எப்பகுதியில் நேர்ந்தது என அறிதல் கடினம். எண்ணும் பகுதியைத் தனிச் செயற்கூறாகப் பிரித்து, சொல்லைக் கொடுத்து எண்ணைப் பெறும் வகையில் அமைத்துக்கொள்ளுதல் நன்று. பின்னர்ச் சொற்பட்டியல் ஒன்றை வைத்து அதனைச் சோதிக்கலாம். எழுத்திலக்கண நோக்கில் தேர்ந்த பட்டியல் ஒன்றை மாதிரியாக ஈண்டுத் தருகின்றோம்.

1. அப்பா – எழுத்து 3, குறியீடு 5. எளிய சொல், இதுவே தவறினால் மேலே செல்ல வேண்டுவதில்லை.

2. பாத்திமா – எழுத்து 4; குறியீடு 8. ஒற்றும் உயிர்மெய்யும் விரவியது.

3. ஃபாத்திமா – எழுத்து 5; குறியீடு 9. சொன்முதலில் ஆய்தம் வருவது. இலக்கண மரபுக்குப் புறம்பாயினும் இன்றைய வழக்கில் உள்ளது.

4. இப்ராஹீம் – எழுத்து 5, குறியீடு 9. வடவெழுத்து இடையில் வருவது.

5. ஸ்டீபன் – எழுத்து 4, குறியீடு 7. சொன்முதலில் மெய் வருவது.

6. லக்ஷ்மி – 'க்ஷ்' ஒன்றெனக் கொண்டால் எழுத்து 3, இரண்டெனக் கொண்டால் 4, குறியீடு 7.

7. ஔவை – எழுத்து 2, குறியீடு 3. இதனையே ஒகரமும் ளகரமும் கொண்டு 'ஒளவை' எனத் தட்டுவோர் பலர். கண்ணுக்கு ஒத்திருப்பினும் அது 3 எழுத்தும் 4 குறியீடும் ஆகிவிடும்.

8. சோதனை – எழுத்து 3; குறியீடு 5 அல்லது 6.

எட்டாவதற்கு இருவேறு எண் ஏன்? ஓகாரக் குறிக்கு யூனிகோடு முறையில் தனி எண் ஒன்று உண்டு; ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் அதே வடிவைப் பெறலாம். இருவகையாலும் திரையில் தோன்றுவது ஒரே 'சோ'. ஆயினும் ஒன்றை எழுதி மற்றொன்றைத் தேடினால், இரண்டும் ஒன்றே எனக் கருதும் ஏற்பாடு நிரலில் இல்லாதவிடத்துக் கணிப்பொறி 'இல்லை' என விடை சொல்லும். பதிவேட்டில் இருக்கும் பெயரே இல்லையென்று ஆகிவிடும். பெயரைச் சேமிக்கும் முன்னர் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்ளுதல் இதற்குத் தீர்வாகும்.

பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்த்து ஒதுக்கிவிடுதல் கூடாது. நிரலில் ஒரு வரி மாறினாலும் பட்டியல் முழுவதையும் மீண்டும் ஓட்டுதல் வேண்டும். ஒன்றைத் திருத்தும்போது, முன்பு சரியாக இருந்த மற்றொன்று கெடுதல் உண்டு. கணிப்பொறியே இப்பட்டியலை ஓட்டி, தேறியதையும் தவறியதையும் காட்டும் கருவிகள் இன்று உள்ளன. 1997இல் கென்ட் பெக், எரிக் காமா ஆகிய இருவர் ஜாவா மொழிக்கென இயற்றிய ஜேயூனிட் அத்தகைய கருவிகளுள் புகழ்பெற்றது.

மூன்றாம்படி: எல்லையைச் சோதித்தல்

பிழைகள் நடுவில் இருப்பதினும் எல்லையில் இருப்பதே மிகுதி. வயலில் களை வரப்போரம் மண்டுவது போன்றது இது. எனவே, இருபதெழுத்துப் பெட்டியைப் பத்தெழுத்துப் பெயர் கொண்டு சோதிப்பதால் அறிவது சிறிதே. ஒன்றும் எழுதாத வெறும் பெட்டி, ஓரெழுத்து, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று ஆகியன கொண்டு சோதித்தல் வேண்டும். இடைவெளிகளை மட்டும் தட்டினால் அதனைப் பெயரென ஏற்குமா என்றும் காணுதல் வேண்டும்.

தமிழுக்கே உரிய எல்லைச் சிக்கல் ஒன்றுண்டு. பத்தொன்பது எழுத்து முடிந்து, இருபதாவதாக 'ர்' எழுத வேண்டும் எனக் கொள்வோம். பல தட்டெழுத்து முறைகளில் முதலில் 'ர' தோன்றும். அதன்மேல் புள்ளி பின்னர் வரும். 'ர' வந்தவுடன் எழுத்து இருபது ஆயிற்று எனப் பெட்டி தன் வாயிலை அடைத்துவிட்டால் புள்ளி உள்ளே நுழைய இயலாது. எழுத்தைச் சரியாக எண்ணும் நிரலும் இவ்விடத்தில் வழுக்கும். புதிய எழுத்தைத் தடுத்தலும், முன்னெழுத்தோடு சேரும் குறியை ஏற்றலும் வெவ்வேறு செயல்கள் என்பதை இச்சோதனை தெளிவாக்கும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொண்டு சோதிப்பவர்க்கு இது கனவிலும் தோன்றாது.

விசைப்பலகையும் கவனத்துக்குரியது. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால், முன்னதன்மேல் புள்ளி தானே அமையும். 'அப்பா' என எழுதத் தட்ட வேண்டுவன அ, ப, ப, ஆ என்னும் நான்கு விசை. எழுத்து மூன்று, குறியீடு ஐந்து, விசை நான்கு. விசை தட்டுந்தோறும் ஒன்றைக் கூட்டும் நிரல் இங்கே பிழைபடும். அன்றியும், முன்னரே பெட்டிக்குள் வந்துவிட்ட பகரம் பின்னர் வடிவு மாறுவதால், புதிதாக வந்த குறியீட்டை மட்டும் நோக்கும் நிரலும் பிழைபடும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்தின் பின்னரும் பெட்டியில் உள்ள முழுச்சொல்லையும் எண்ணுதலே பாதுகாப்பான வழி.

நான்காம்படி: யார் விடுபடுகின்றார் எனக் காணல்

பெயர்ப் பெட்டியில் தமிழெழுத்தல்லாதன புகாமல் தடுப்பது நல்லெண்ணமே. ஆயின், தடை விதிக்கும் விதியை எங்ஙனம் எழுதுவது? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 என்பது பள்ளிப் பாடம். அவ்விதியை அப்படியே நிரலாக்கினால் ஹமீதும் ஜமாலும் ஷாஜஹானும் வாயிலில் நிறுத்தப்படுவர். ஜெயராஜும் ஸ்டீபனும் அவர்களோடு நிற்பர். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகிய ஐந்தும் மெய்வடிவோடும் பன்னிரண்டு உயிரோடும் கூடி 65 வடிவாகும், 'ஸ்ரீ' தனி. இவற்றையும் ஏற்குமாறு விதி அமைதல் வேண்டும். தனித்தமிழ் பற்றிய கருத்து வேறுபாடுகள் கற்றோர் அவையில் நிகழட்டும். ஒருவர்க்குப் பெற்றோர் இட்ட பெயரைப் பதிவேட்டில் மறுக்கும் உரிமை பெட்டிக்கு இல்லை.

தலைப்பெழுத்தும் அத்தகையதே. 'மு. இப்ராஹீம்' என்பதில் உள்ள முற்றுப்புள்ளியைப் பிழையெனத் தள்ளும் பெட்டியும், குடும்பப் பெயர் எழுதாவிட்டால் மேலே செல்ல விடாத பெட்டியும் தமிழர் பெயர்மரபை அறியாதார் வகுத்தவை. மேனாட்டுப் பெயர்முறையை அப்படியே பின்பற்றிய நிரலில் இக்குறை எளிதில் நுழையும்.

நம் மதரஸாக்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் பதிவேடு இயற்றுவோர் தமிழோடு அரபெழுத்தையும் ஏற்கும் பெட்டி அமைக்க நேரும். தமிழ் இடமிருந்து வலமாகச் செல்வது. அரபு வலமிருந்து இடமாகச் செல்வது. அரபு வரியினுள் வரும் எண்கள் மீண்டும் இடமிருந்து வலமாகச் செல்வன. ஒரே வரியில் இவை கூடும்போது, எழுதுமிடத்தைக் காட்டும் குறி எங்கே நிற்கின்றது, அழிக்கும் விசை எதனை அழிக்கின்றது என்பவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். தமிழை அரபெழுத்தால் எழுதிய அரபுத்தமிழ் மரபு நம்மவர்க்கு உண்டு. அரபில் இல்லாத தமிழொலிகளுக்கென அம்மரபில் தனி எழுத்துகளும் அமைந்தன. அந்நூல்களைக் கணிப்பொறியில் ஏற்ற விழைவோர்க்கு இச்சோதனை இன்றியமையாதது.

இனி, கண்பார்வையற்ற மாணவரை எண்ணிப் பார்ப்போம். திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருள்களின் துணையால் அவர்கள் கணிப்பொறியைக் கையாள்கின்றனர். ஆயத்தப் பெட்டி, தான் ஓர் எழுதும் பெட்டி என்பதை அம்மென்பொருளுக்குத் தானே அறிவிக்கும். தாமே வரைந்த பெட்டிக்கு அவ்வறிவிப்பை நிரலெழுதுவோர் தனியே சேர்த்தல் வேண்டும். இல்லையேல் அது அம்மாணவர்க்கு இல்லாத பொருளே ஆகும். எழுத்து மிகும்போது எண்ணைச் சிவப்பாக்கிக் காட்டுவதும் அவர்க்குப் பயன்படாது. அச்செய்தி சொல்லாகவும் வருதல் வேண்டும். இதனைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு: சுட்டியைத் தொடாமல், விசைப்பலகை ஒன்றையே கொண்டு விண்ணப்பம் முழுவதையும் நிரப்பிப் பார்த்தல், அதன்பின் திரையை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டு நிரப்பிப் பார்த்தல்.

ஐந்தாம்படி: பழகிய கையின் விரைவு

இயற்றியவர் தம் பெட்டியை மெல்ல மெல்லவே தட்டிப் பார்ப்பர். நாள்தோறும் அதனைக் கையாளும் எழுத்தரோ மின்னல் விரைவில் தட்டுவர். தவறிய இடத்துக்கு மேலேறித் திருத்தி, உடனே கீழிறங்குவர். இவ்வேறுபாட்டைப் புறக்கணித்ததன் விளைவை உலகம் பெருந்துயரோடு கற்ற நிகழ்ச்சி ஒன்றுண்டு.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மருத்துவம் செய்யும் பொறி. கனடா நாட்டில் உருவாக்கப்பட்டது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்பொறியால் ஆறு நோயாளர் அளவிறந்த கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். 1986ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் நேர்ந்த இரு நிகழ்வுகளுக்கும் திரையில் உள்ளீடு செய்யும் பகுதியே காரணமாயிற்று. பொறியை இயக்குவோர், மின்னணுக் கதிர் என்பதற்குரிய எழுத்துக்கு மாறாக எக்ஸ்-கதிர்க்குரிய எழுத்தைத் தட்டிவிட்டுப் பின்னர் மேலேறித் திருத்தினார். பொறியினுள் காந்தங்கள் நிலைகொள்ள எட்டு நொடி அளவில் ஆகும். அந்த எட்டு நொடிக்குள் செய்த திருத்தம் திரையில் தோன்றியது. பொறியின் உட்பகுதியோ அதனை முழுமையாக ஏற்கவில்லை. பழகிய கையாதலின் திருத்தம் விரைந்து முடிந்தது, பிழையும் நேர்ந்தது. அவ்விரு நோயாளரும் பின்னர் உயிரிழந்தனர். மருத்துவமனையின் இயற்பியலாரும் பொறியை இயக்கியவரும் மீண்டும் மீண்டும் முயன்று, விரைவாகத் தட்டினால்தான் இப்பிழை தோன்றும் என்பதைக் கண்டறிந்தனர்.

சேர்க்கை விண்ணப்பப் பெட்டி உயிரைக் குடிப்பதன்று. ஆயினும் பாடம் ஒன்றே: தட்டும் விரைவும் திருத்தும் பழக்கமும் சோதனைக்குரிய பொருள்கள். விரைந்து தட்டுதல், ஒரு விசையை அழுத்தியபடி இருத்தல், நடுவெழுத்தை அழித்துப் புதிது நுழைத்தல், நீண்டதொரு பத்தியைப் படியெடுத்து ஒட்டுதல், செய்ததை மீட்டல் ஆகிய ஐந்தையும் செய்து, எண்ணும் எழுத்தும் ஒத்து நிற்கின்றனவா எனக் காணுதல் வேண்டும்.

அரங்கேற்றம் என்னும் மரபு

தான் இயற்றியதைத் தானே சோதித்தல் ஓரளவே பயன்தரும். எவ்வழியில் தட்டினால் சரியாக இயங்கும் என்பதை இயற்றியவர் மனம் அறியும். கையும் அவ்வழியே செல்லும். சோதனை என்பது பிழை காணும் நோக்கோடு நிரலை இயக்குதல் என 1979இல் வெளிவந்த தம் நூலில் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் வரையறுத்தார். பிழை உண்டு என்பதைச் சோதனை காட்ட வல்லது. பிழை இல்லை என்பதைக் காட்ட வல்லதன்று என்பது டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1969ஆம் ஆண்டு ரோம் நகரக் கருத்தரங்கில் வலியுறுத்திய கருத்து.

இவை தமிழர்க்குப் புதியன அல்ல. நூல் இயற்றியோர் அதனை அவையில் வைத்து, வினாக்களுக்கு விடையிறுத்த பின்னரே நூல் ஏற்கப்பெறும் மரபு நம்முடையது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது எனப் பாயிரம் கூறும். அவ்வாசான் குற்றம் கூறக் கூற, தொல்காப்பியர் விடை பகர்ந்தார் என்பது உரைவழிச் செய்தி. குற்றம் காண்பவர் பகைவர் அல்லர். நூலுக்கு உறுதி தருபவர். திருக்குர்ஆனை மனனம் செய்யும் மாணவர் தாமே ஓதி நிறைவு கொள்வதில்லை. உஸ்தாத் முன் அமர்ந்து ஓதிக் காட்டுகின்றார். ஓர் எழுத்தின் ஒலி பிறழ்ந்தாலும் உஸ்தாத் நிறுத்துகின்றார். அம்மாணவர் அதனை இழிவெனக் கொள்வதில்லை. நிரல் கற்கும் மாணவரும் இம்மனநிலையை எய்துதல் வேண்டும்.

ஆகவே, பெட்டியை இயற்றிய மாணவர் அதனை வேறொருவர் கையில் கொடுத்து, தாம் வாய் திறவாமல் அருகே அமர்ந்து நோக்குதல் நன்று. 'இங்கே தட்டுங்கள்' எனச் சொல்ல நேர்ந்தால் அதுவே ஒரு பிழைக்குறிப்பு. கொடுக்கத் தக்கவர் கணிப்பொறி வல்லுநர் அல்லர்; சேர்க்கைப் பிரிவு எழுத்தரும், தம் பிள்ளைக்காக விண்ணப்பம் நிரப்ப வந்த பெற்றோருமே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இடைமுக உறுப்பு ஒன்றைச் சோதித்தல் என்பது அது இயங்குகின்றதா எனக் காண்பது மட்டும் அன்று. அது எவரைப் புறத்தே நிறுத்துகின்றது எனக் காண்பதும் ஆம் என்பது தெளிவாகும். எதிர்பார்க்கும் விடையை முன்னரே வரைதல், எண்ணும் பகுதியைத் தனியே சோதித்தல், எல்லைகளை ஆராய்தல், விடுபடுவோரை எண்ணிப் பார்த்தல், பழகிய கையின் விரைவுக்கு உட்படுத்துதல், பிறர்முன் அரங்கேற்றுதல் என்னும் ஆறும் அதன் படிகளாம்.

இவற்றுள் தமிழ்த்துறையார் ஆற்றத்தக்க பணி ஒன்று உண்டு. ஈண்டுக் காட்டிய எட்டுச் சொற்களும் தொடக்கமே. உயிரளபெடை, ஆய்தச் சொற்கள், வடவெழுத்துப் பெயர்கள், பல்வேறு சமயத்தார் பெயர்கள், தலைப்பெழுத்து வகைகள், தமிழ் எண்கள் ஆகியவற்றை உள்ளடக்கி, ஒவ்வொன்றுக்கும் சரியான எழுத்தெண்ணிக்கையோடு ஒரு சோதனைச் சொற்பட்டியலை நம் மாணவர் தொகுத்துக் கணிப்பொறித் துறை மாணவர் கையில் தருவாராயின், அவர்தம் பெட்டிகள் தமிழை அறிந்த பெட்டிகளாகும். எழுத்திலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரிய பாடம் அன்று என்பதையும் நம் மாணவர் அதன்வழி உணர்வர். இரு துறையாரும் ஒரு மேசையில் அமர்ந்தால் ஓரிரு மாதங்களில் முடியத்தக்க பணி இது. வரும் கல்வியாண்டிலேயே இதனைத் தொடங்க இறைவன் அருள்புரிவானாக.